காற்படியும் பின்னக் கணக்கும்

சங்கத்துப் பாஸ்புத்தகத்தைப் படித்துச் சரிபார்க்கத்தக்க ஒருவரேனும் ஒவ்வோர் அங்கத்தினர் வீட்டிலும் இருத்தல் வேண்டும். அத்தேர்ச்சிக்குப் பின்னக் கணக்கு இன்றியமையாதது. அதில் சிறுவர் பெரிதும் இடறுமிடம் கலப்புப் பின்னமும் தகாபின்னமுமாம்.

கலப்புப் பின்னம் தமிழ்ப் பிள்ளைகளுக்குப் புதியதன்று. ஒன்றேகால், ஒன்றரை, ஒன்றேமுக்கால் என அவர்கள் நாவிலேயே அது வழங்குகின்றது. முழு எண்ணும் பின்னமும் சேர்ந்ததே கலப்புப் பின்னம். கோட்டின் மேலுள்ள எண் தொகுதி, கீழுள்ளது பகுதி. தொகுதி பகுதிக்குச் சமமாகவோ மிகுந்தோ இருப்பின் அது தகாபின்னம். பெயரைக் கொண்டு அதைக் குற்றமுள்ளதாகக் கருதலாகாது.

சூத்திரத்தை முதலில் மனப்பாடம் செய்வித்தல் பயன் தராது. ஒருபடி கொள்ளும் இரண்டு பாத்திரங்களையும் ஒரு காற்படியையும் பிள்ளையிடம் கொடுத்து, ஏழு முறை தண்ணீர் அளந்து ஊற்றச் செய்க. நான்காம் முறையில் முதற் பாத்திரம் நிறையும். எஞ்சிய மூன்றும் இரண்டாவதிற் சேரும். ஆகவே 7/4 படி என்பது ஒன்றேமுக்கால் படியே என்பது கண்கூடாகும்.

இரு பாத்திரங்களும் எட்டுக் காற்படி கொள்ளுமாதலின், சில பிள்ளைகள் 7/8 என்பர். "முழுமை என்பது ஒரு படியா, இரண்டு படியா?" என வினவினால் அம்மயக்கம் நீங்கும்.

மறுபடியும் தகாபின்னமாக்க, ஒரு முழுப் படிக்குள் நான்கு காற்படி அடங்கியிருத்தலை நினைவூட்டுக. நான்கும் மூன்றும் ஏழு. அளவை காற்படியே ஆதலின் பகுதி மாறாது. முழுமையைப் பகுதியாற் பெருக்கித் தொகுதியைக் கூட்டுக என்னும் விதி இதிலிருந்தே பிறந்தது.

1957இல் தசம நாணயம் வருமுன் ரூபாய்க்கு 16 அணா. 25 அணா என்பது 25/16 ரூபாய். பிரித்தால் ஒரு ரூபாய் ஒன்பது அணா. அக்காலத்துப் பெரியோர் இக்கணக்கை வாயாலேயே போட்டனர்.

இதை அறியாமையால் நேரும் நஷ்டம் சிறிதன்று. ஒரு வீட்டார் பதின்மூன்று காற்படி பால் ஊற்றினர் என்க. சீட்டில் 13/4 என்றிருக்கும். அது மூன்றேகால் படி. அதனையே 1 3/4 எனப் பிரித்துப் படித்தால் ஒன்றேமுக்கால் படியாகிவிடும். எண்கள் அவையே, நஷ்டமோ ஒன்றரைப் படிப் பால்! ஆதலின் அளவை எண்ணாலும் எழுத்தாலும் குறிக்கச் செய்தல் நலம். சீட்டை நாள்தோறும் வீட்டுப் பிள்ளையிடம் கொடுத்து உரக்கப் படிக்கச் செய்க. பிள்ளைக்குப் பாடமும் ஆகும். குடும்பத்துக்குக் காவலும் ஆகும்.