சலவைக்கல் தரையும் எலுமிச்சம் பழமும்

(பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி)

சலவைக்கல் என்றவுடன் நம் நினைவுக்கு வருவது ஆக்ரா நகரத்துத் தாஜ்மகால்தான். அதன் வெண்ணிறக் கல் ராஜஸ்தான் மாநிலத்து மக்ரானாவில் வெட்டி எடுக்கப்பட்டது. கல்கத்தாவின் விக்டோரியா நினைவு மண்டபத்துக்கும் அதே ஊர்க் கல்தான் சென்றது. ஆனால் தோழியரே, சலவைக்கல்லைக் காண நாம் அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. காரைக்குடிப் பக்கத்துப் பழைய செட்டிநாட்டு வீடுகளில் இத்தாலி தேசத்துச் சலவைக்கல் பதித்திருப்பதைக் காணலாம். இன்று நம்மில் பலர் வீட்டுக் கூடத்திலும் இக்கல் உண்டு. “எங்கள் வீட்டில் வெறும் மொசைக்தானே” என்று நினைப்பவர்களும் இதைப் படிக்கலாம். பெரும்பாலான மொசைக் தரைகளில் சிமெண்டுக்கிடையே தெரிபவை சலவைக்கல் சில்லுகளே.

இவ்வளவு கனமான கல்லை எது என்ன செய்துவிடும் என்று நமக்குத் தோன்றும். உண்மையில் இது மிகவும் மென்மையான கல். சுண்ணாம்புக்கல் பூமிக்கடியில் வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் உருமாறிச் சலவைக்கல்லாகிறது. இதில் பெரும்பகுதி கால்சியம் கார்பனேட்டே. கனிமங்களின் கடினத்தை அளக்கும் மோஸ் அளவுகோலில் இதன் எண் 3. நம் செருப்போடு உள்ளே வரும் மணலில் உள்ள குவார்ட்ஸின் எண் 7. ஆகவே வாசலில் ஒரு மிதியடி போட்டு, தினமும் பூந்துடைப்பத்தால் மணலைப் பெருக்கி எடுத்தாலே பாதிக் கீறல்கள் விழா. பெருக்காமல் ஈரத்துணி போட்டால், அந்த மணலையே வைத்துத் தரையைத் தேய்த்தது போலாகும்.

மணலைவிடப் பெரிய பகைவன் புளிப்பு. கார்பனேட்டின் மேல் அமிலம் பட்டால் கரியமில வாயு நுரைத்து வெளியேறும் என்பதை நாம் ஆய்வகத்தில் சோதனைக் குழாயில் கண்டிருக்கிறோம். அதே வினைதான் தரையிலும் நடக்கிறது. எலுமிச்சைச் சாற்றில் சிட்ரிக் அமிலம், புளியில் டார்டாரிக் அமிலம், மோரில் லாக்டிக் அமிலம். சாப்பாட்டு வேளையில் சிந்திய ரசத்தைப் பிறகு துடைக்கலாம் என்று விட்டுவிட்டால், அங்கே மங்கலான ஒரு வட்டம் நிலைத்துவிடும். சிந்தியவுடன் ஒற்றி எடுத்து, வெறும் தண்ணீரால் துடைத்துவிட வேண்டும்.

அந்த வட்டம் ஏன் கழுவினாலும் போவதில்லை? இங்கே நம் பௌதிகப் பாடம் உதவுகிறது. சலவைக்கல்லின் பளபளப்பு மேலே பூசிய பூச்சு அன்று. வழுவழுப்பான பரப்பில் ஒளி ஒழுங்காக எதிரொளிப்பதே பளபளப்பு. அமிலம் அரித்த இடம் சொரசொரப்பாகிவிடுவதால் ஒளி நாலாபுறமும் சிதறுகிறது. அது அழுக்கு அன்று, கல்லின் காயம், சோப்பால் ஆறாது.

என் பாட்டி வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். தாத்தா ஓய்வு பெற்றபோது வந்த பணத்தில், கல்லின் ரேகைகள் ஒன்றோடொன்று சேரும்படி தாமே நின்று பார்த்துப் பதித்த கூடம் அது. தாத்தா காலமான பின், ஒரு பொங்கலுக்கு முன்னால், வீடு சுத்தம் செய்ய வந்த ஒருவர் ‘பளிச்சென்று ஆகும்’ என்று சொல்லி ஆசிட் ஊற்றித் தேய்த்துவிட்டார். அழுக்கு போனது உண்மைதான். தரையின் முகமும் கூடவே போய்விட்டது. மேலே டைல்ஸ் ஒட்டிவிடலாம் என்றார் மாமா. பாட்டி ஒன்றும் பேசவில்லை, ஆனால் இரண்டு நாள் கூடத்தில் உட்காரவே இல்லை. கடைசியில் பாலிஷ் போடும் மேஸ்திரி ஒருவர் வந்து பார்த்து, “கல்லு கெடலீங்கம்மா, மேல்தோலுதான் போயிருக்கு” என்றார்.

அவர் செய்த வேலையை நான் கிட்ட இருந்து கவனித்தேன். முதலில் இணைப்புகளைச் சுரண்டி, கல்லின் நிறத்துக்கேற்பச் சாயம் கலந்த வெள்ளை சிமெண்டால் நிரப்பினார். அது இறுகிய பின், தண்ணீர் விட்டுக்கொண்டே இயந்திரத்தால் தேய்த்தார். முதலில் சொரசொரப்பான கல், பிறகு படிப்படியாக நைசான கல். நடுவில் ஒரு படியைத் தாண்டினால் முந்திய கல்லின் கீறல் அப்படியே நின்றுவிடுமாம். அவசரக்காரர்களுக்கு ஏற்ற தொழில் இல்லை! மூன்றாம் நாள் மாலையில் ஜன்னல் கம்பிகள் தரையில் தெரிந்தன. பாட்டி பாய் விரித்து அங்கேயே படுத்துக்கொண்டார். பீரோவின் இரும்புக்கால் விட்ட துருக்கறை மட்டும் இன்னமும் லேசாக இருக்கிறது. இரும்புச் சாமான்களின் அடியில் ரப்பர் குமிழ் போடுவது எவ்வளவோ மேல்.

ஆசிட்டைப் பற்றி இன்னும் ஒன்று. அதைப் பிளீச்சிங் பவுடருடன் எக்காரணம் கொண்டும் சேர்க்கக்கூடாது. சேர்ந்தால் குளோரின் வாயு வெளிப்படும். 1915ஆம் ஆண்டு முதல் உலகப் போரில் விஷவாயுவாகப் பயன்பட்டது இதுவே. கதவடைத்த குளியலறையில் இவ்விரண்டையும் கலப்பது உயிருக்கே ஆபத்து.

கறை என்பது வேறு. காபி, எண்ணெய் போன்றவை கல்லின் நுண்துளைகளுக்குள் இறங்கி நிறத்தை விடுகின்றன. அவற்றைத் தேய்த்து எடுப்பதைவிட உறிஞ்சி எடுப்பதே முறை. தாஜ்மகாலில் படிந்த மஞ்சள் நிறத்தைப் போக்க இந்தியத் தொல்லியல் துறையினர் 1994, 2001, 2008, 2014 ஆகிய ஆண்டுகளில் முல்தானி மட்டியைக் குழைத்துச் சுவர்களில் அப்பி, காய்ந்தபின் கழுவி எடுத்தார்கள். அக்காமார் முகத்தில் பூசிக்கொள்ளும் அதே மண்! வீட்டிலும் அப்படியே செய்யலாம். எண்ணெய்க் கறைக்குச் சமையல் சோடாவைத் தண்ணீரில் கெட்டியாகக் குழைத்து அப்பி, மேலே பிளாஸ்டிக் தாள் மூடி, ஒரு நாள் கழித்துத் திறந்து உலரவிட்டு எடுக்க வேண்டும். காபிக் கறைக்குத் தண்ணீருக்குப் பதில் மருந்துக் கடையில் கிடைக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடு. வெள்ளைக் கல்லுக்கு மட்டுமே இது; கருநிறக் கல் வெளுத்துவிடக்கூடும். ஒரு தடவையில் போகாவிட்டால் இரண்டு, மூன்று தடவை செய்யலாம். மின்தடை நாளில் சொட்டிய மெழுகுக்கு ஐஸ் கட்டியை வைத்து, இறுகியதும் மர அகப்பைக் காம்பால் நெம்பினால் போதும். கத்தி வேண்டாம்.

தினசரித் துடைப்புக்கு ஒரு வாளித் தண்ணீரில் சில துளி மிதமான சோப்புத் திரவம், பிறகு நல்ல தண்ணீரில் ஒரு தடவை, கடைசியில் உலர்ந்த துணி. நம் ஊர் உப்புத் தண்ணீரில் சோப்பு அதிகமானால் வெள்ளைப் படலம் படிந்து, தரை மங்கியது போலத் தெரியும். ஈரத்தை விட்டுவைத்தால் வயதானவர்கள் வழுக்கி விழுவார்கள்.

பாலிஷ் போடும்போது வழியும் வெண்சேற்றை முற்றத்துச் சாக்கடையில் தள்ளிவிடாதீர்கள். அது குழாயின் அடியில் தங்கி அடைத்துக்கொள்ளும். பாட்டி வீட்டு மேஸ்திரி அதை வாளியில் வழித்து, தெளியவைத்து, மேல்நீரை மட்டும் கொட்டிவிட்டு, காய்ந்த மாவைச் சாக்கில் கட்டி எடுத்துக்கொண்டு போனார்.