ஏறாத தோட்டா: நெம்புகோல் துப்பாக்கியில் சிக்கல் தொடங்கும் இடம்

1939இல் வெளிவந்த ‘ஸ்டேஜ்கோச்’ திரைப்படத்தில் ஜான் வெய்ன் ஒற்றைக் கையால் சுழற்றித் தோட்டா ஏற்றிய வின்செஸ்டர் துப்பாக்கி, நெம்புகோலை ஒருமுறை தள்ளி இழுத்தால் அடுத்த தோட்டா தவறாமல் வந்து நிற்கும் என்ற எண்ணத்தை உலகெங்கும் பரப்பியது. ஆனால் இவ்வகைத் துப்பாக்கிகளையும் அவற்றின் இன்றைய நகல்களையும் வைத்திருப்போர் அடிக்கடி எழுப்பும் கேள்வி, நெம்புகோல் பாதி வழியில் அசையாமல் நின்றுவிடுவது ஏன் என்பதுதான். கேட்போர் பெரும்பாலும் ஸ்பிரிங்கையும் திருகுகளையும் சந்தேகிக்கின்றனர். 1873ஆம் ஆண்டு வின்செஸ்டரைப் பொறுத்தவரை, முதலில் அளக்க வேண்டியது தோட்டாவின் நீளம்.

வரலாற்றில் இதற்குத் தேவையான பகுதி சிறியது. பெஞ்சமின் டைலர் ஹென்றி 1860இல் காப்புரிமை பெற்ற துப்பாக்கியின் தோட்டாக்குழாய் அடிப்பக்கம் பிளவுபட்டிருந்ததால் மண்ணும் தூசியும் எளிதில் உள்ளே புகுந்தன. வின்செஸ்டரின் 1866 மாதிரியில் நெல்சன் கிங் வடிவமைத்த பக்கவாட்டுக் கதவு அக்குறையைத் தீர்த்தது. 1873 மாதிரி இரும்புச் சட்டத்தையும் .44-40 என்ற தோட்டாவையும் கொண்டுவந்தது. ‘மேற்கை வென்ற துப்பாக்கி’ என்று பின்னாளைய விளம்பரங்கள் அதற்குச் சூட்டிய பட்டம் அதன் பொறியமைப்பைப் பற்றி எதையும் சொல்வதில்லை.

அந்தப் பொறியமைப்போ உண்மையிலேயே வியக்கத்தக்கது. குழலுக்கு அடியில் இணையாக ஓடும் தோட்டாக்குழாயில் தோட்டாக்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் படுத்திருக்க, முன்முனையிலுள்ள நீண்ட ஸ்பிரிங் அவற்றைச் சுடுபவரின் பக்கமாகத் தள்ளிக்கொண்டே இருக்கிறது. குழாயின் வாய்க்கு எதிரே, செங்குத்தாக ஏறி இறங்கும் கட்டை ஒன்று உண்டு. அதை ஏற்றுக்கட்டை எனலாம். நெம்புகோலை முன்னே தள்ளும்போது போல்ட் எனப்படும் அடைப்புத்தண்டு பின்வாங்குகிறது, தள்ளலின் முடிவில் ஏற்றுக்கட்டை தன்னுள் கிடக்கும் தோட்டாவோடு மேலெழுகிறது, நெம்புகோலைத் திரும்ப இழுக்கையில் போல்ட் முன்வந்து அத்தோட்டாவை வெடிப்பறைக்குள் செலுத்துகிறது. இதில் அடுத்த தோட்டாவைத் தடுத்து நிறுத்தத் தனி உறுப்பு எதுவும் இல்லை. உள்ளே கிடக்கும் தோட்டாவின் நீளமே தடுப்பாகச் செயல்படுகிறது.

கதவில்லாத, ஒருவர் மட்டுமே நிற்கக்கூடிய மின்தூக்கி ஒன்றைக் கற்பனை செய்தால் இது விளங்கும். வெளியே நீண்ட வரிசை. கடைசியில் நிற்பவர் எல்லோரையும் ஓயாமல் நெட்டித் தள்ளுகிறார். உள்ளே நிற்பவரின் உடல் சுவரிலிருந்து வாசல்வரை சரியாக நிறைந்திருந்தால் அடுத்தவர் வாசலிலேயே நிற்பார், மின்தூக்கியும் தடையின்றி ஏறும். ஒல்லியானவர் நின்றால் அடுத்தவரின் கால் உள்ளே நுழைந்துவிடும். பருத்தவர் நின்றால் அவருடைய வயிறு வெளியே துருத்தும். இரண்டிலும் மின்தூக்கி ஏறாது. வரிசையின் நெருக்கத்தால் உள்ளே நிற்பவரே நசுங்கி ஒல்லியாகிவிடுவதும் உண்டு. தோட்டாக்களில் இது உண்மையாகவே நிகழ்கிறது.

சிக்கலின் இடத்தை அது தோன்றும் தருணமே காட்டிக்கொடுப்பதுதான் இந்த அமைப்பின் அழகு. தோட்டா குட்டையாக இருந்தால், பின்னால் வேறு தோட்டா வரிசையில் இருக்கும்வரை கட்டை சிக்கும். நுழைவதற்கு அடுத்தது எதுவும் இல்லாததால் கடைசித் தோட்டா மட்டும் சீராக ஏறும். தோட்டா நெட்டையாக இருந்தால் அதன் மூக்கு குழாய்க்குள் மாட்டிக்கொள்வதால் கடைசித் தோட்டாவும் சிக்கும். முதலில் வருபவை ஒழுங்காக ஏறி, கடைசி ஒன்றிரண்டு மட்டும் தடுமாறினால், தோட்டாவை விடுத்து ஸ்பிரிங்கையும் குழாயின் உட்புறத்தையும் பார்க்க வேண்டும், ஏனெனில் குழாய் காலியாகக் காலியாக ஸ்பிரிங் நீண்டு அதன் விசை குறைகிறது. இந்தச் சோதனைகளை வெடிமருந்தோ பற்றுமருந்தோ இல்லாத போலித் தோட்டாக்களால் மட்டுமே செய்ய வேண்டும். வெடிக்கக்கூடிய தோட்டா சிக்கியிருக்கையில் நெம்புகோலை வலிந்து தள்ளுவது ஆபத்தானது.

நீளம் எப்படி மாறுகிறது என்பதற்கான விடை வெடிமருந்தில் இருக்கிறது. .44-40 தோட்டாவின் முழு நீளம் சுமார் 40 மில்லிமீட்டர். தொடக்கத்தில் அதன் பித்தளைக் கூட்டில் கருமருந்து நிறைத்து அடைக்கப்பட்டதால், குண்டின் அடிப்பாகம் அம்மருந்தின்மீதே அமர்ந்து, முன்னிருந்து அழுத்தினாலும் உள்ளிறங்காமல் இருந்தது. புகையில்லா வெடிமருந்து வந்தபின் குறைந்த அளவே போதுமானதாகிக் கூட்டுக்குள் வெற்றிடம் உண்டாக, ஸ்பிரிங்கின் அழுத்தமும் சுடும்போது ஏற்படும் அதிர்ச்சியும் குண்டைக் கூட்டுக்குள் தள்ளித் தோட்டாவைக் குட்டையாக்கின. அதனால்தான் குண்டு அமரும் இடத்துக்குக் கீழே கூட்டைச் சுற்றி ஒரு பள்ளம் இடும் வழக்கம் வந்தது. வீட்டிலேயே தோட்டா நிரப்புவோர் கூட்டின் வாயை இறுக்கமாக மடிக்காவிட்டால் அதே பழைய சிக்கலை மீண்டும் உண்டாக்கிக்கொள்கின்றனர். .357 மேக்னம் தோட்டாவுக்கான நகல்களில் .38 ஸ்பெஷல் தோட்டாவும் பொதுவாக ஏறிவிடுகிறது. இலக்குப் பயிற்சிக்கென்று கூட்டின் விளிம்பு மட்டத்துக்கே அமிழ்த்திய தட்டைக்குண்டுத் தோட்டாவோ சுமார் 30 மில்லிமீட்டர் நீளமே இருப்பதால், அடுத்தது உள்ளே நுழைய வாசல் அகலத் திறந்து கிடக்கிறது.

நெம்புகோலின் வீச்சைக் குறைக்கும் உதிரிப் பாகங்கள் வேகத்தின் பெயரால் விற்கப்படுகின்றன. அவை கையசைவைக் குறைப்பது உண்மை. ஆனால் நீளம் பொருந்தாத தோட்டாவை அவற்றாலும் ஏற்ற முடியாது.

தோட்டாவின் நீளமே எல்லாம் என்ற இந்த விதி எல்லா நெம்புகோல் துப்பாக்கிகளுக்கும் பொருந்தும் என்று கொள்வதும் தவறு. 1948இல் வந்த மார்லின் 336இல் தோட்டாவை மேலேற்றும் உறுப்பு செங்குத்தாக நகரும் கட்டையாக இல்லாமல், ஒரு முனையில் அச்சு கொண்டு சாய்ந்து எழும் தகடாக இருக்கிறது. அங்கே நெம்புகோலின் கூரிய விளிம்பு தகட்டின் அடியில் உரசி உரசிக் காலப்போக்கில் ஒரு தடத்தை வெட்டிவிட, எழும் நேரம் பிசகி, இரண்டாவது தோட்டாவின் விளிம்பு தகட்டுக்கு அடியில் புகுந்து இயக்கம் முழுவதையும் பூட்டிவிடுகிறது. தோட்டாவை எத்தனை முறை அளந்தாலும் அதற்குத் தீர்வு கிடைக்காது. துப்பாக்கிக் கைவினைஞர் அந்தத் தடத்தைப் பற்றவைத்து நிரப்பியோ தகட்டையே மாற்றியோ, நெம்புகோலின் விளிம்பை மழுங்கத் தேய்த்துக் கொடுக்க வேண்டியிருக்கும்.