என்ஜின் "லேபிள்" படிக்கத் தெரியுமா? கோவில்பட்டியைக் கட்டிப்போட்ட ஓர் எழுத்து!

கோவில்பட்டி:-

தீப்பெட்டி லேபிளைப் பார்த்த மாத்திரத்தில் எந்தக் கம்பெனி சரக்கு என்று சொல்லிவிடுவார்கள் கோவில்பட்டிக்காரர்கள். ஆனால் தினமும் ஸ்டேஷனில் வந்து நிற்கும் ரயில் என்ஜினுக்கும் ஒரு லேபிள் உண்டு. அதைப் படித்தவர்கள் எத்தனை பேர்?

என்ஜின் உடம்பில் ஆங்கிலத்தில் மூன்று எழுத்து, பக்கத்தில் ஒரு எண் இருக்கும். அது அலங்காரத்துக்கு எழுதியது அல்ல. அந்த என்ஜினின் ஜாதகமே அதில் அடக்கம்!

இதோ விவரம்:-

முதல் எழுத்து, தண்டவாளத்தின் அகலம். "டபிள்யூ" என்றால் 5 அடி 6 அங்குல அகலப்பாதை. "ஒய்" என்றால் மீட்டர் கேஜ். இரண்டாவது எழுத்து, என்ஜின் தின்னும் தீனி. "டி" டீசல். "ஏ" என்றால் ஏ.சி. மின்சாரம். மூன்றாவது எழுத்து, அது பார்க்கும் வேலை. "பி" பயணிகள் வண்டி, "ஜி" கூட்ஸ், "எஸ்" ஷண்டிங். "எம்" என்றால் எதை மாட்டினாலும் இழுக்கும்!

கரி என்ஜினுக்கு மட்டும் தீனி எழுத்து கிடையாது. ஒய்.பி., ஒய்.ஜி. என்று இரண்டே எழுத்தோடு சரி. குடிதண்ணீருக்கே குடத்தோடு அலைந்த கரிசல் பூமியில், தண்ணீர் குடித்துக் குடித்து ஓடிய என்ஜின்கள் அவை. நடுவில் "டி" வந்து புகுந்தபோது அந்தத் தொல்லை ஒழிந்தது.

விழுப்புரத்தில் மாறிய எழுத்து

அப்படி வந்ததுதான் ஒய்.டி.எம்.4. மீட்டர் கேஜ், டீசல், இரண்டு வேலையும் பார்க்கும், நாலாவது ரகம். அமெரிக்காவின் ஆல்கோ கம்பெனியிலிருந்து 1960-களின் தொடக்கத்தில் கப்பலில் வந்தது. பிறகு காசியிலும் தயாரானது. எடை 72 டன், சக்தி சுமார் 1,400 குதிரை. நம்ம பக்கம் ஓடிய என்ஜின்களுக்குத் தாய்வீடு திருச்சி பொன்மலை.

சென்னையிலிருந்து தெற்கே வந்த ரயில்கள் பலவற்றை விழுப்புரம் வரை ஒய்.ஏ.எம்.1 என்ற மின்சார என்ஜின் இழுத்து வரும். நடுராத்திரியில் வண்டி நின்றுவிடும்.

"என்ன அண்ணாச்சி, வண்டி ஏன் நிக்கி?"

"எஞ்சின் மாத்துதாங்கப்பா. தூங்கு!"

மாறியது நடு எழுத்து ஒன்றுதான். "ஏ" போய் "டி" வந்தது!

வில்லன் எழுத்து "ஒய்"

தூக்கம் கெட்டது பெரிய நஷ்டம் இல்லை. உண்மையான நஷ்டம் முதல் எழுத்தில் இருந்தது.

மதுரை - தூத்துக்குடி பாதை போட்டது 1876-ல். அன்று போட்டது மீட்டர் கேஜ். நூறு ஆண்டுக்கு மேல் "ஒய்" என்ஜின் மட்டுமே வர முடிந்தது. கோவில்பட்டியில் ஏற்றிய பஞ்சு மூட்டையோ தீப்பெட்டி பண்டலோ பம்பாய், கல்கத்தா போக வேண்டுமானால், அகலப்பாதை தொடங்கும் ஊரில் இறக்கி வேறு வேகனில் ஏற்ற வேண்டும். கூலி இரட்டிப்பு. நாளும் கூடும். கை மாற மாற, தீப்பெட்டிக்கு ஈரம் பட்டுவிடுமோ என்ற பயம் வேறு! மதுரைக்கு வடக்கே எவ்வளவு பெரிய என்ஜின் இருந்தால் என்ன, அதன் சக்கரம் நம் தண்டவாளத்தில் உட்காராதே!

1990-களில் அகலப்பாதை வந்தது. "ஒய்" போய் "டபிள்யூ" வந்தது. 112 டன் எடையும் 2,600 குதிரை சக்தியும் கொண்ட டபிள்யூ.டி.எம்.2 ஓட வழி பிறந்தது. காசி தொழிற்சாலை 1964-ல் தயாரிக்கத் தொடங்கிய ரகம் இது. கோவில்பட்டியில் பூட்டிய வேகனை, சரக்கு இறக்காமலே வடக்கே அனுப்பலாம் என்ற நிலைமை வந்தது இந்த ஓர் எழுத்தால்தான்.

கடைசி எண்ணில் ஒரு வேடிக்கை. முதலில் அது வெறும் வரிசை எண்தான். பிறகு குதிரை சக்தி கணக்காக்கினார்கள். டபிள்யூ.டி.எம்.3ஏ என்றால் 3 ஆயிரம், "ஏ"வுக்கு ஒரு நூறு, ஆக 3,100. அந்தக் கணக்குப்படி 3டி என்றால் 3,400 வர வேண்டும். ஆனால் அதன் சக்தி 3,300-தான்! விதி போட்ட இடத்திலேயே விலக்கு.

தூத்துக்குடிக்கு அக்கரையில் இலங்கைக்குப் போய் இந்தப் பாடத்தை ஒப்பித்தால் ஏமாந்து போவீர்கள். அங்கே "டபிள்யூ" என்பது அகலப்பாதை அல்ல. டீசல் ஹைட்ராலிக் என்ஜின். "ஒய்" என்றால் ஷண்டிங் என்ஜின். பெரிய டீசல்களுக்கு "எம்". அவற்றில் எம்.2 ரகம், கொழும்புத் திட்டத்தில் கனடா கொடுத்தது. அதனால் கனடா மாகாணங்களின் பெயரையே சூட்டினார்கள்!

இப்போது கோவில்பட்டி வழியாகவும் மின்கம்பி போகிறது. நடு எழுத்து மறுபடி "ஏ" ஆகிவிட்டது. டபிள்யூ.ஏ.பி.7 வந்தால் இனி நீங்களே படித்துக்கொள்ளலாம். டீசல் என்ஜின் செய்த காசி தொழிற்சாலையும் இப்போது மின்சார என்ஜின் செய்கிறது. 2020-ல் அதன் பெயரையும் மாற்றிவிட்டார்கள்.

பழைய ஒய்.டி.எம்.4-ஐப் பார்க்க ஆசையா? குன்னூருக்கு டிக்கெட் எடுங்கள். அங்கிருந்து ஊட்டிக்கு மலை ரயிலோடு ஏறிக்கொண்டிருக்கிறது!