முற்றத்தில் ஒரு மீட்டர் கேஜ்

விருதுநகரிலிருந்து சிவகாசி, ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம், சங்கரன்கோவில் வழியாகத் தென்காசிக்குச் செல்லும் இருப்புப்பாதை 1927-இல் திறக்கப்பட்டது. 2000-களின் தொடக்கத்தில் அகலப்பாதையாக மாற்றப்படும் வரை அது மீட்டர் கேஜ் பாதையாகவே, அதாவது இரு தண்டவாளங்களுக்கும் இடையே 1,000 மி.மீ. அகலம் கொண்டதாகவே இருந்தது. வீட்டுத் தோட்டத்தில் மாதிரி ரயில் ஓட்ட முனைவோருக்கு இது வெறும் வரலாற்றுச் செய்தி அன்று. 1968-இல் ஜெர்மனியின் லேமன் நிறுவனம் எல்.ஜி.பி. என்ற பெயரில் தோட்ட ரயிலை விற்பனைக்குக் கொண்டுவந்தபோது, 45 மி.மீ. அகலப் பாதையையும், அசலை 22.5-இல் ஒரு பங்காகச் சுருக்கும் அளவையும் தேர்ந்துகொண்டது. 1,000 மி.மீ. பாதையை அவ்வாறு சுருக்கினால் கிட்டத்தட்ட 45 மி.மீ. வரும் என்பதால், ராஜபாளையம் வழியே ஓடிய பழைய ரயிலை அதன் விகிதம் கெடாமல் முற்றத்தில் அமைக்க இயலும்.

பாதையின் அகலம் இவ்வாறு பொருந்தினாலும், நீளமும் வளைவும் பொருந்துவதில்லை. இந்திய மீட்டர் கேஜில் அனுமதிக்கப்பட்ட மிகக் கூர்மையான வளைவு 16 டிகிரி, அதாவது ஏறத்தாழ 109 மீட்டர் ஆரம் கொண்டது. அதைச் சுருக்கினால் 4.8 மீட்டர் வருகிறது, அரைவட்டமாக ரயிலைத் திருப்பப் பத்து மீட்டர் அகலம் வேண்டியிருக்கிறது. தெருவை ஒட்டி நீளவாக்கில் அமைந்த பழைய வீடுகளின் பின்கட்டில் அவ்வளவு அகலத்துக்கு எங்கே போவது? ஆகவே கடையில் கிடைக்கும் வளைவுத் துண்டுகள் 60 செ.மீ., 76.5 செ.மீ., ஏறத்தாழ 120 செ.மீ. என்ற ஆரங்களில் வருகின்றன; இவற்றுள் மிகச் சிறியதை வாங்கிவிடும் ஆசைதான் முதல் முயற்சிகள் பலவற்றைக் கெடுக்கிறது.

காரணம் பெட்டியின் நீளத்தில் இருக்கிறது. பெட்டி வளைவதில்லை, அதன் இரு முனைகளுக்கு அருகே உள்ள சக்கரத் தொகுதிகள் மட்டுமே பாதையைப் பின்பற்றுகின்றன, எனவே வளைவில் பெட்டியின் நடுப்பகுதி உட்புறமாகவும் முனைகள் வெளிப்புறமாகவும் பாதையை விட்டு விலகுகின்றன. 45 செ.மீ. நீளமும் 12 செ.மீ. அகலமும் உடைய பெட்டியொன்றின் சக்கரத் தொகுதிகள் 28 செ.மீ. இடைவெளியில் அமைந்திருப்பதாகக் கொள்வோம். 60 செ.மீ. வளைவில் அதன் முனை ஏறத்தாழ 22 மி.மீ. வெளியே நீள்கிறது; இரட்டைப் பாதையாக அமைத்தால், வெளிப்புறப் பாதையில், 76.5 செ.மீ. வளைவில் எதிரே வரும் அதே வகைப் பெட்டியின் நடுப்பகுதி 13 மி.மீ. உள்ளே வருகிறது. இரு பாதைகளின் நடுக்கோடுகளுக்கும் இடையே உள்ள 165 மி.மீ. இடைவெளியில், பெட்டிகளின் அகலமும் போக, மிஞ்சுவது ஒரு செ.மீ. மட்டுமே. பெட்டி 50 செ.மீ. நீளமாகவும், சக்கரத் தொகுதிகள் 30 செ.மீ. இடைவெளியிலும் இருந்தாலோ இரண்டே மி.மீ.தான் மிஞ்சும். நேர்ப்பாதையில் தாராளமாகத் தோன்றும் இடைவெளி வளைவில் உரசலாகிவிடுவதால், பாதைகளின் இடைவெளியை வளைவை வைத்தே முடிவு செய்ய வேண்டும். அசல் ரயில்வேயிலும் இதே கணக்குதான்: அகலப்பாதையில் புதிய பாதைகளின் நடுக்கோடுகளுக்கு இடையே குறைந்தது 5.3 மீட்டர் வேண்டும் என்பது விதி, வளைவில் அது மேலும் கூட்டப்படுகிறது.

இச்சிக்கலைத் தவிர்க்கும் எளிய வழியும் இந்தப் பாதையிலேயே இருக்கிறது. விருதுநகர்–தென்காசி தடம் ஒற்றை வழித்தடம். எதிரெதிர் ரயில்கள் நிலையங்களில் மட்டுமே, ஒன்று லூப் லைனில் ஒதுங்கி நிற்க மற்றொன்று கடந்துசெல்வதாக, கிராசிங் ஆகின்றன. முதல் தோட்ட ரயிலுக்கு இதைவிட நல்ல முன்மாதிரி இல்லை. முட்டை வடிவில் ஒற்றைப் பாதை, அதன் இரு நீள் பக்கங்களிலும் ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் என இரு நிலையங்கள், நிலையத்துக்கு ஒரு லூப் என்று அமைத்தால், இரட்டைப் பாதை நேர்ப்பகுதியில் மட்டுமே வரும். வளைவுக்கு ஒரே பாதை போதுமாகையால் இடம் அனுமதிக்கும் மிகப் பெரிய ஆரத்தை எடுத்துக்கொள்ளலாம். இடம் வலமாக மாறிமாறி வரும் வளைவுகளுக்கு இடையே ஒரு பெட்டி நீளமாவது நேர்த்துண்டு இட வேண்டும், இல்லையெனில் பெட்டிகளின் இணைப்புக் கொக்கி இழுபட்டுத் தடம் புரளும். மேம்பாலம் கட்டும் ஆசையைத் தள்ளிப்போடுவதே நல்லது. 40-க்கு 1 என்ற ஏற்றத்தில் 22 செ.மீ. உயரம் ஏறவே ஒன்பது மீட்டர் பாதை செலவாகிறது. நீலகிரி மலை ரயில் ஏறத்தாழ 12-க்கு 1 ஏறுகிறதென்றால், அதற்கு நடுவே பல்சட்டம் இருக்கிறது.

தரையைப் பொறுத்தவரை, மேற்கு மலையடிவார ஊர்களுக்கு ஐப்பசி, கார்த்திகை மழைதான் சோதனை. ஒரு சாண் ஆழம் தோண்டி, ஜல்லியும் அதன்மேல் கல் சிப்ஸும் இட்டு, பாதையைச் சுற்றுத் தரையைவிடச் சற்று உயர்த்தினால் நீர் வடியும். தென்னைக்கு நேர் கீழே பாதை போகக்கூடாது. விழும் மட்டை பிளாஸ்டிக் சிலிப்பர்களை நொறுக்கிவிடும். மாமரத்தின் வேர் சில ஆண்டுகளில் பாதையையே தூக்கும். பித்தளைத் தண்டவாளம் வெயிலில் நீள்வதையும் கணக்கில் கொள்ள வேண்டும்: விடியலுக்கும் உச்சி வெயிலுக்கும் உலோகத்தின் சூடு 40 டிகிரி வேறுபட்டால் பத்து மீட்டர் பாதை ஏறத்தாழ 8 மி.மீ. நீளும், ஆகவே துண்டுகளுக்கு இடையே சிறு இடைவெளி விட்டு, பாதையைச் சிமெண்டில் இறுக்கிப் பதிக்காமல் ஜல்லியில் மிதக்க விடுவதே முறை. (வீட்டில் ராஜபாளையம் நாய் வளர்ந்தால், அது படுக்கும் இடத்தை விட்டுப் பாதை போடுவது அறிவுடைமை; ரயில் ஹார்னுக்கு அது எழுந்து வழிவிடும் என்று நம்ப வேண்டாம்.)

துண்டுகளை வாங்குமுன் முளையடித்துக் கயிறு கட்டி, தேர்ந்த ஆரத்தில் சுண்ணாம்புத் தூளால் கோடு போட்டு, கோட்டிலிருந்து சுவருக்கும் தொட்டிக்கும் இருபுறமும் 15 செ.மீ. இருக்கிறதா, தடம் புரண்ட பெட்டியைக் குனிந்து எடுக்கக் கை எட்டுகிறதா என்று பார்த்துவிடுங்கள். கை எட்டாத மூலையில் பாதை போடவே வேண்டாம்.