குடற்புற்றும் குடும்பவழியும்

பழவேற்காட்டு ஏரியில் வலையிடும் உரிமையைப் 'பாடு' என்பர். அது ஆண்வழியே வருவது, மகளுக்குப் பங்கில்லை. உடலின் மரபுரிமையோ அவ்வேற்றுமையைப் பாராட்டுவதில்லை.

உயிரணு பிளவுறும்போது மரபுச்செய்தி படியெடுக்கப்படுகிறது. அதில் நேரும் பிழைகளைத் திருத்தச் சில புரதங்கள் உண்டு. அறுந்த கண்ணிகளை அன்றன்றே முடியும் வலைஞர் போன்றவை அவை. அத்திருத்தும் ஆற்றல் பிறவியிலேயே பழுதுற்றிருப்பின், இளவயதிலேயே குடலிலோ, பெண்டிர்க்குக் கருப்பையிலோ புற்று தோன்றக்கூடும். 1895-இல் அமெரிக்கத் தையற்காரி ஒருத்தி, தன் குடும்பத்தார் பலரைப்போல் தானும் புற்றாலேயே மடிவாள் என்று வார்த்தின் என்னும் மருத்துவரிடம் கூறினாள், அவ்வாறே மாண்டாள். 1966-இல் இத்தகைய குடும்பங்களை ஆராய்ந்தெழுதிய லிஞ்ச் என்பாரின் பெயரே இந்நோய்க்கு நிலைத்தது.

குடற்புற்றுடையார் நூற்றுவரில் ஏறத்தாழ மூவருக்கே இப்பழுது உண்டு. அம்மூவர் யாவர் என்பதை வயதைக் கொண்டோ குடும்ப வரலாற்றைக் கொண்டோ மட்டும் அறிதல் அரிது. ஆகவே, அறுத்தெடுத்த கட்டியில் அப்புரதங்கள் நான்கும் உள்ளனவா என எல்லா நோயாளர்க்கும் சோதிப்பதே முறை. ஒன்று குறைந்தாலும் பிறவிப் பழுதென்று உடனே முடிவு செய்தலாகாது. இரத்தச் சோதனையே அதனை உறுதிசெய்யும். உறுதியானால், மகனாயினும் மகளாயினும் ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வந்திருக்கும் வாய்ப்புச் சரிபாதி. பழுதுடையோர் ஓரிரு ஆண்டுக்கொருமுறை குடலை உள்நோக்குக் கருவியால் பார்த்துவந்தால், முளைகள் புற்றாகுமுன்னரே பலவற்றை அகற்றிவிடலாம்.

பெண் கொள்வார் அஞ்சுவரே என்று நோயை உறவினருக்கு மறைப்போரை நான் அறிவேன். அவ்வச்சம் பொய்யன்று. ஆயினும், அண்ணனின் நோயை அறியாத தங்கை எதற்காகச் சோதனைக்குச் செல்வாள்?