10 மில்லியன் 135 மில்லியன் ஆன கணக்கு

ஆயுதக் கதை என்றாலே எமக்குக் கசப்புத்தான். ஆனால் வரி நாமும் கட்டுகிறோம். ஜேர்மன் கடற்படையின் பாய்மரப் பயிற்சிக் கப்பல் 'கோர்ச் ஃபொக்' 1958 இல் கட்டப்பட்டது. திருத்தவேலைக்கென 2015 இல் போட்ட மதிப்பீடு சுமார் 10 மில்லியன் யூரோ. முடிவில் வந்தது சுமார் 135 மில்லியன். கப்பலைக் கழற்றிப் பார்க்கமுதல் தொகை எழுதினால் வேறென்ன நடக்கும்? அமைச்சு ஆழமாக ஆராயவில்லை என்று மத்திய கணக்காய்வு மன்றமே கண்டித்தது. வேலையை எடுத்த கப்பல்தளம் 2019 இல் வங்குரோத்தானது. லூர்சன் நிறுவனம் 2021 இல் முடித்துக் கொடுத்தது.

2022 இல் இராணுவத்துக்கு 100 பில்லியன் யூரோ விசேட நிதி ஒதுக்கினார்கள். கொள்முதலில் பெரும்பகுதி கொப்லென்ஸ் திணைக்களத்து மேசைகளுக்கூடாகவே போகிறது. கம்பனி நீட்டும் பில்லைப் பார்த்து, "இந்தத் தகட்டுக்கு இவ்வளவு வராது" என்று சொல்லத் தெரிந்த பொறியியலாளர் அந்த மேசையில் இருக்கவேண்டும். அப்படியானவரை உருவாக்கப் பல வருடம் எடுக்கும். காசோலை எழுத ஒரு நிமிடம் போதும்.