காலி வீதியும் நெரிசல் கரையும்: தரங்கம்பாடியை முன்வைத்துச் சில குறிப்புகள்

தரங்கம்பாடிக்குப் போய்வந்த நண்பர்கள் யாரைக் கேட்டாலும் ஒரே மாதிரிதான் சொல்கிறார்கள். 'ஆளே இல்லாத ஊர்ல எவ்ளோ பெரிய பெரிய கட்டடங்க! ஐரோப்பாவுல எங்கியோ நிக்கிற மாதிரி இருக்கு.' இதில் இரண்டு வாக்கியங்கள் இருக்கின்றன. முதல் வாக்கியம் ஊரைக் காலி செய்துவிடுகிறது. இரண்டாவது வாக்கியம் மிச்சமிருக்கும் கட்டடத்தையும் கப்பலேற்றி ஐரோப்பாவுக்கு அனுப்பிவிடுகிறது. இந்த வியப்பு ஒன்றும் அப்பாவித்தனமானதல்ல, அதற்குள் ஓர் அரசியல் வேலை செய்கிறது என்று எனக்குப் படுகிறது. அதை விளக்கிப் பார்ப்பதே இக்குறிப்புகளின் நோக்கம்.

எனக்கு இது வெறும் சரித்திர ஆர்வம் சார்ந்த விஷயமல்ல. நான் பிறந்து வளர்ந்த நொச்சிக்குப்பத்திலிருந்து தெற்கே பார்த்தால் சாந்தோம் பேராலயத்தின் கோதிக் கோபுரம் தெரியும். வடக்கே நடந்தால் ஐஸ் ஹவுஸ், சேப்பாக்கம் மாளிகை, சிஷோம் கட்டிய செனட் ஹவுஸ். கடற்கரைச் சாலையின் மேற்கே மாளிகைகள், கிழக்கே வலையும் படகும் நாங்களும். எங்கள் பெரியம்மா மீன் கூடையை இறக்கி வைத்துவிட்டு ஒருமுறை சொன்னது: 'ரோட்டுக்கு அந்தாண்ட இருக்கறது அவங்குளுது, இந்தாண்ட இருக்கறது நம்மளுது. ஆனா அந்தாண்ட இருக்கறவன் இந்தாண்ட இருக்கறதையும் அழகு பண்றேன்னு வருவான்.' தரங்கம்பாடியை எனக்கு வாசிக்கக் கற்றுத் தந்தது இந்த வாக்கியம்தான்.

1

பொறையார் சாலையிலிருந்து ஊருக்குள் நுழையும் இடத்தில் ஒரு வெள்ளை வாயில் நிற்கிறது. இப்போதுள்ள வடிவில் அது கட்டப்பட்டது 1792இல். நெற்றியில் டேனிஷ் அரச முத்திரை. அதைத் தாண்டினால் நேர்கோடு போட்ட மாதிரி ராஜ வீதி. இரு பக்கமும் உயரமான தூண்கள் வைத்த வீடுகள், இரண்டு தேவாலயங்கள், வீதி முடிகிற இடத்தில் திறந்த மைதானம், அதற்கப்பால் கடலைப் பார்த்தபடி டேன்ஸ்போர்க் கோட்டை. மதிய வேளையில் வீதியில் ஆடு படுத்திருக்கும், மனித நடமாட்டம் குறைவு. 'இங்க எதுக்கு இவ்வளவு பெருசு?' என்ற கேள்வி யாருக்கும் வரத்தான் செய்யும்.

விடையை எல்லை என்கிற ஒற்றைச் சொல்லில் சொல்லிவிடலாம். 1620 நவம்பரில் தஞ்சை இரகுநாத நாயக்கர், ஓவ் கெட்டே என்ற டேனிஷ் கடற்படைத் தளபதியோடு ஒப்பந்தம் செய்துகொண்டு, ஆண்டுக் குத்தகை பேசி, கரையோரத்தில் ஒரு துண்டு நிலத்தைக் கொடுத்தார். டென்மார்க் அரசன் நான்காம் கிறிஸ்டியனுக்குப் பொன்னோலையும் எழுதி அனுப்பினார். பக்கத்து நாகப்பட்டினத்தில் போர்த்துக்கீசியர் கை ஓங்கியிருந்த காலம் அது. வாங்குகிறவன் ஒருவனாக இருந்தால் அவன் வைத்ததுதான் விலை. இன்னொருவனையும் கொண்டுவந்து உட்கார வைத்தால் பேரம் பேசலாம். ஆகவே அந்த எல்லையை வெள்ளைக்காரன் மட்டும் போடவில்லை, நாயக்கர் அரசின் கணக்கும் அதற்குள் இருந்தது. பத்தொன்பது ஆண்டு கழித்து, 1639இல், இன்னொரு நாயக்கர் இன்னொரு கம்பெனிக்கு மதராசபட்டினத்தில் இதே மாதிரி ஒரு மணல் திட்டைக் கொடுத்தார். அப்போது இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர்களுக்கு எது மாநகரமாகும், எது ஆடு படுக்கும் வீதியாகும் என்று சொல்லத் தெரிந்திருக்காது.

உண்மையில் டேனிஷ் தரங்கம்பாடி ஆரம்பத்தில் பரிதாபமான சங்கதி. 1640களுக்குப் பிறகு டென்மார்க்கிலிருந்து கப்பல் வருவதே நின்றுபோனது. மறுபடி கப்பல் வந்தது 1669இல். இடைப்பட்ட காலத்தில் எஸ்கில்ட் கொங்ஸ்பக்க என்கிற, அதிகாரி வர்க்கத்தைச் சேராத ஒரு டேன்காரர்தான் கடைசி ஆளாகக் கோட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தார். ஊரைச் சுற்றி மதில் எழுந்தது அவர் காலத்தில்தான். ஒற்றை டேனை வைத்துக்கொண்டு ஒரு 'டேனிஷ்' நகரம்! கல் சுமந்தது யார், சுண்ணாம்பு அரைத்தது யார், காவல் நின்றது யார் என்ற கேள்விகளை இந்த இடத்தில் கேட்காமல் 'ஐரோப்பிய நகரம்' என்று எப்படிச் சொல்ல முடியும்?

2

பிரம்மாண்டம் வந்தது பிறகு. பதினெட்டாம் நூற்றாண்டில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் இந்தக் கரையில் மாறி மாறிச் சண்டை போட்டபோது டென்மார்க் நடுநிலை வகித்தது. போர்க் காலத்தில் நடுநிலைக் கொடி ஒரு பெரிய மூலதனம். மற்றவர் கப்பலை எதிரி பிடிப்பான், டேனிஷ் கப்பல் போய்ச் சேரும். ஆங்கிலக் கம்பெனி ஊழியர்கள் இங்கே சொந்தக் கணக்கில் சுருட்டிய பணத்தைத் தங்கள் கம்பெனியின் கண்ணில் படாமல் ஊருக்கு அனுப்பிக்கொள்ளவும் டேனிஷ் கப்பல்கள் வழியாயின. 1777இல் கம்பெனியின் கையிலிருந்த ஊரை டேனிஷ் அரசே எடுத்துக்கொண்டது. மைதானத்தைப் பார்த்தபடி நிற்கும் ஆளுநர் மாளிகை 1784, வாயில் 1792. இந்தத் தேதிகளைப் போர்களின் தேதிகளுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நம் கண்ணுக்கு அழகாகத் தெரியும் தூண் வரிசை அடுத்தவன் யுத்தத்தில் கிடைத்த தரகுக் கூலி என்பது விளங்கும்.

இதில் அதிசயிக்க ஒன்றுமில்லை. இன்றும் தரங்கம்பாடிக்குத் தெற்கே சிறிது தூரத்தில் காரைக்கால் எல்லை, அதாவது புதுச்சேரி அரசின் வரி எல்லை. தாண்டின உடனே மதுக்கடைகள். சட்டமும் வரியும் மாறுகிற கோட்டில் கட்டடம் முளைக்கும். கோடு அழிந்தால் கட்டடம் அநாதையாகும்.

கோடு அழிந்தது 1845இல். அதற்கு முன்பே 1801இலும், 1808 முதல் 1815 வரையிலும் ஆங்கிலேயர் ஊரைப் பிடித்து வைத்திருந்தார்கள். டென்மார்க் நடுநிலையை இழந்ததும் வியாபாரம் படுத்துவிட்டது. கடைசியில் வங்காளத்துச் செராம்பூரையும் சேர்த்துப் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு விற்றுவிட்டுப் போனார்கள். கொஞ்ச காலம் தஞ்சை மாவட்டத்தின் தலைநகராக வைத்திருந்து, 1860இல் அதையும் தஞ்சாவூருக்கு மாற்றினார்கள். 1861இல் ரயில் நாகப்பட்டினத்திலிருந்து புறப்பட்டது. 1926இல் மயிலாடுதுறையிலிருந்து ஒரு கிளைப்பாதை தரங்கம்பாடிக்கு வந்தது, 1980களில் அதையும் மூடிவிட்டார்கள். ராஜ வீதி காலியானதன் வரலாறு இவ்வளவுதான். அதில் மர்மம் ஏதுமில்லை, நிர்வாக முடிவுகள்தான் இருக்கின்றன.

3

இனி 'அந்நிய பாணி' என்ற சொல்லுக்கு வருவோம். தூணின் வடிவம் ஐரோப்பாவிலிருந்து வந்தது. ஆனால் தூண்? செங்கல் உள்ளூர்ச் சூளை. மேலே பளிங்கு போல வழவழப்பது கிளிஞ்சல் சுண்ணாம்பு. கடுக்காயும் வெல்லமும் சேர்த்துப் புளிக்க வைத்து, அரைத்து, பூசி, கூழாங்கல்லால் தேய்த்துத் தேய்த்துக் கொண்டுவந்த மினுக்கம். இந்தக் கரையின் கொத்தனார்களுக்குக் கைவந்த வித்தை அது. கிளிஞ்சல் பொறுக்கிய கைகளைப் பற்றி எந்த ஆளுநரும் குறிப்பு எழுதி வைக்கவில்லை. கட்டடத்தின் ஆசிரியர் யார் என்று கேட்டால், வரைந்தவன் பெயரைச் சொல்கிறோம், பூசியவனைச் சொல்வதில்லை. பிரதியின் ஆசிரியனைப் பற்றி இத்தனை பக்கம் விவாதிக்கும் நாம் சுவரின் ஆசிரியனைப் பற்றியும் கொஞ்சம் யோசிக்கலாம்.

சீகன்பால்கு 1706இல் வந்து இறங்கியது, 1708இல் டேனிஷ் ஆளுநரே அவரைக் கோட்டையில் நான்கு மாதம் அடைத்து வைத்தது, தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சேறியது எல்லாம் வாசகர்களுக்குத் தெரிந்தவை. தெரிந்தும் நாம் அதிகம் பேசாத ஒன்று உண்டு. டேன்களுக்கு 1701இல் கட்டிய சீயோன் தேவாலயம் தனி, தமிழ்ச் சபைக்குத் தனி. 1718இல் எழுந்த புது எருசலேம் தேவாலயத்துக்கு உள்ளேயும் சூத்திரக் கிறிஸ்தவர்களும் பறையர் கிறிஸ்தவர்களும் தனித்தனியே உட்கார்ந்தார்கள். எல்லை என்பது ஊர் மதிலோடு நின்றுவிடவில்லை, வழிபாட்டு மண்டபத்துக்குள் தரையிலும் ஓடியது. இந்தக் கோட்டை டேன்காரன் கொண்டுவரவில்லை, நம்முடைய சரக்கு. அந்நியக் கட்டடத்துக்குள் சுதேசிச் சாதி சௌகரியமாகக் குடியேறியது. மாளிகையைப் பார்த்து வாய் பிளக்கிறபோது இது மறைந்துவிடுகிறது.

4

சிலப்பதிகாரத்தில் புகார் நகரை வருணிக்கும் இடத்தை ஞாபகப்படுத்திக்கொள்ளலாம். பூம்புகார் தரங்கம்பாடிக்கு வடக்கே அதே கரையில்தான் இருக்கிறது. மருவூர்ப்பாக்கத்தில் யவனர் வாழ்ந்த இடங்கள் போகிறவர் வருகிறவர் கண்ணை இழுத்து நிறுத்துவதாக இளங்கோ சொல்கிறார். ஆக, அந்நிய மாளிகையைப் பார்த்து நிற்பது நமக்குப் பழைய பழக்கம். ஆனால் அதே மருவூர்ப்பாக்கப் பட்டியலிலேயே மீன் விற்கும் பரதவரும் உப்பு விற்பவரும் வருகிறார்கள். ராஜ வீதியும் அந்தணர் தெருவும் இருப்பது பட்டினப்பாக்கத்தில், அது வேறு கதை. கரைப் பகுதியைப் பொறுத்தவரை யவனனையும் பரதவரையும் ஒரே மூச்சில் சொல்லக் காப்பியத்துக்கு முடிந்திருக்கிறது. நம்முடைய 'பாரம்பரியச் சின்னம்' என்கிற நவீனச் சொல்லாடலுக்கு முடியவில்லை.

தரங்கம்பாடியில் கோட்டைக்கு வடக்கே, 1306இல் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் கட்டிய மாசிலாமணிநாதர் கோயில் இருக்கிறது. முன்பகுதியைக் கடல் தின்றுவிட்டது. அதைத் தாண்டி மீனவர் குடியிருப்பு. நான் அங்கே பேசிக்கொண்டிருந்த பெரியவரிடம் 'ஊரு காலியா இருக்கே' என்றேன். அவர் சிரித்துவிட்டார். 'தம்பி, காலின்னு யாரு சொன்னா? நீங்க வந்த நேரம் அப்படி. விடியக்காலம் அஞ்சு மணிக்குக் கரைக்கு வாங்க, நிக்க எடமிருக்காது. அந்தத் தெருவுல ஆளில்லன்னா ஊருல ஆளில்லன்னு ஆயிடுமா?' இதைவிடக் கூர்மையாக என்னால் இந்தக் கட்டுரையை எழுதிவிட முடியாது.

2004 டிசம்பர் 26 சுனாமி இந்தக் குடியிருப்பைத்தான் வாரிக்கொண்டு போனது. ராஜ வீதி பெரும்பாலும் நின்றது. பிறகு இரண்டு வேலைகள் ஒரே ஊரில் அருகருகே நடந்தன. மீனவர்களுக்கு அலையிலிருந்து தள்ளிப் புது வீடுகள், மாளிகைகளுக்குப் புனரமைப்பு. டேனிஷ் தேசிய அருங்காட்சியகமும் தமிழக அரசும் ஆளுநர் மாளிகையைச் செப்பனிட்டன. கடலைப் பார்த்த பழைய பங்களா விடுதியாயிற்று. பழுது பார்த்ததை நான் குறை சொல்லவில்லை. கட்டடம் இடிந்து போகட்டும் என்று சொல்கிற புரட்சிக்காரன் நானல்ல. அந்தச் சுவரில் நம் கொத்தனாரின் கை இருக்கிறது. வீடு உறுதியாக வேண்டும் என்று மீனவர்களும்தான் கேட்டார்கள். ஆனால் கடலைப் பார்த்து உட்காருவது விருந்தினருக்கு அழகு, மீனவனுக்கு ஆபத்து என்று ஒரே கரைக்கு இரண்டு நியாயங்கள் எப்படி வந்தன என்பதைக் கேட்டே ஆகவேண்டும்.

ஊரின் பெயரிலேயே இந்தக் காரியம் நடந்திருக்கிறது. சுற்றுலாக் கையேடுகள் தரங்கம்பாடி என்றால் 'அலைகள் பாடும் ஊர்' என்கின்றன. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் வாணியம்பாடியில் யார் பாடுகிறார்கள்? ஆயர்பாடியில்? 'பாடி' என்றால் குடியிருப்பு. பாண்டியர் கல்வெட்டில் இவ்வூர் சடங்கன்பாடி. தரங்கம்பாடி என்பது அலையோரத்துக் குடியிருப்பு, அவ்வளவுதான். குடியிருப்பைப் பாட்டாக மாற்றியதும் குடியிருப்பவர்கள் சொல்லிலிருந்தே வெளியேற்றப்பட்டுவிட்டார்கள். மிச்சம் அலை, கோட்டை, நிலா, புகைப்படம்.

5

மறுபடி நொச்சிக்குப்பம். எங்களுக்குத் தெற்கே சாந்தோமும் ஒரு காலத்தில் அந்நியரின் மதில் சூழ்ந்த எல்லைப் பட்டினமாக இருந்தது. போர்த்துக்கீசியர் பதினாறாம் நூற்றாண்டில் எழுப்பியது. கோட்டை போய்விட்டது, குப்பம் இருக்கிறது. 1985இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் மெரினாவை அழகுபடுத்தக் கட்டுமரங்களையும் வலைகளையும் அகற்றப் போனார்கள். எதிர்த்த மீனவர்கள்மேல் துப்பாக்கிச் சூடு நடந்தது. 2023 ஏப்ரலில் வளைவுச் சாலையோர மீன் கடைகளை நீதிமன்ற உத்தரவைக் காட்டி அகற்றினார்கள், ஜனங்கள் படகை நடுரோட்டில் போட்டு மறித்தார்கள். 2024இல் அங்காடி திறந்து கடைகளை உள்ளே கொண்டுபோனார்கள். ஒவ்வொரு முறையும் சொல்லப்பட்டது அழகு, ஒழுங்கு, போக்குவரத்து. செனட் ஹவுஸை யாரும் ஆக்கிரமிப்பு என்று சொன்னதில்லை.

அடுத்தமுறை தரங்கம்பாடிக்குப் போகிற நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். ராஜ வீதியைப் பாருங்கள், தூணைத் தொட்டுப் பாருங்கள், அந்த வழவழப்பு யார் கை என்று கேளுங்கள். ஆனால் ராத்தங்கி விடியற்காலையில் கரைக்குப் போங்கள். திரும்பி வந்து 'ஆளில்லாத ஊர்' என்று மட்டும் எழுதாதீர்கள். அப்படி எழுதுகிற ஒவ்வொரு வரியும் நாளைக்கு ஒரு அதிகாரியின் கோப்பில் ஆதாரமாக உட்காரும். பாடியானாலும் குப்பமானாலும் சொல்லின் பொருள் ஒன்றுதான்: ஜனங்கள் இருக்கிற இடம்.